வளைவுல வண்டி சாயவே மாட்டேங்குது, பாடி பொசிஷன் எப்படி பழகுறது?

செம்மண்ரோடு_ஆர்15:

வணக்கம். ஊரு காரைக்குடி பக்கத்துல கோட்டையூர், வயசு 23. ஏழு மாசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல யமஹா ஆர்15 வி3 பைக் எடுத்தேன், 2019 மாடல், 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுன வண்டி. அதுக்கு முன்னாடி ஓட்டுனதெல்லாம் அப்பாவோட ஸ்ப்ளெண்டர் தான். நம்ம பக்கத்து ரோடு எப்படின்னு இங்க இருக்கவங்களுக்கு தெரியும், கானாடுகாத்தான் போனாலும் சரி தேவகோட்டை போனாலும் சரி நூல் புடிச்ச மாதிரி நேரா கெடக்கும், ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, கொஞ்சம் பொட்டல், நடுவுல ஒரு கம்மா, மறுபடி நேர் ரோடு. அதனால வண்டிய சாச்சு திருப்பணும்ங்கிற அவசியமே இத்தன நாளா வரல.

போன ஞாயித்துக்கெழம பசங்க நாலு பேரோட சிறுமலை போனேன். விடியக்கால அஞ்சு மணிக்கு கெளம்பி திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியா போய் திண்டுக்கல்லுக்கு முன்னாடியே மலை ரோடு ஏறிட்டோம். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. அதுல பிரச்சன இல்ல, அங்க எல்லாருமே மெதுவா உருட்டிக்கிட்டு தான் போறாங்க. பிரச்சன வந்தது ரெண்டு கொண்டை ஊசிக்கு நடுவுல இருந்த ஒரு சாதாரண இடது வளைவுல. ஸ்பீடு 40 தான், மீட்டர பாத்தேன். எதுத்தாப்ல வாழைத்தார் ஏத்துன ஜீப் ஒண்ணு எறங்கி வருது. நான் அந்த ஜீப்ப பாத்தேன், அவ்வளவு தான், வண்டி தண்டவாளத்துல போற மாதிரி நேரா அதுக்கிட்டயே போகுது, திருப்புடா திருப்புடான்னு மனசு சொல்லுது, கை ரெண்டும் கட்டையா நிக்குது, நடுக்கோட்ட தாண்டிட்டேன். ஜீப்காரர் சடக்குனு ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. அவர் நிறுத்தலன்னா நான் இத எழுத இருந்திருக்க மாட்டேன். தார்க்காம்புல பால் வடிஞ்சு அந்த பானெட்ல கறுப்பு கறுப்பா கோடு விழுந்து கெடந்தது வரைக்கும் எனக்கு கண்ணுல நிக்குது, அவ்வளவு கிட்ட போயிட்டேன்.

கூட வந்தவங்க "உடம்ப வெளிய எறக்கி ஓட்டுடா, அப்ப தான் வண்டி திரும்பும்"ங்கிறாங்க. வீடியோ பாத்து திருமயம் ரோட்ல ரெண்டு நாள் முயற்சி பண்ணேன். ஒரு பக்கமா எறங்குனா ஹேண்டில் ஆடுது, பயமா இருக்கு. பின்பக்கம் எவ்வளவு வெளிய வரணும், எப்ப வரணும், முட்டிய எப்படி வைக்கணும், எது முதல்ல எது அடுத்து? இன்னொன்னு, சிறுமலை போயிட்டு வந்தப்பறம் ரெண்டு நாளா உள்ளங்கையும் தோளும் செம வலி. இது எல்லாருக்கும் வர்றதா? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

தேவகோட்டை_310:

தம்பி மொதல்ல நல்லபடியா வந்து சேந்தீங்களே, அது போதும். உங்க கேள்விக்கு பதில் நீங்களே கடைசி வரியில எழுதிட்டீங்க. உள்ளங்கை வலி, தோள் வலி. அது தான் உங்க பிரச்சன மொத்தமும். உங்க உடம்பு எடை பூராவும் கை மேல நிக்குது.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுமையா படிங்க. வண்டி எப்படி திரும்புது? 20, 25க்கு மேல போற எந்த ரெண்டு சக்கர வண்டியும் ஹேண்டில எதிர்ப்பக்கம் ஒரு துளி திருப்புனா தான் சாயும். இடது பக்கம் போகணும்னா இடது கைப்பிடிய முன்னாடி தள்ளணும், தள்ளுனதும் முன்சக்கரம் ஒரு துளி வலது பக்கம் போகும், வண்டி இடது பக்கம் சாயும், சாஞ்சதும் திரும்பும். இதுக்கு பேரு கவுண்டர் ஸ்டீயரிங். உங்க அப்பா ஸ்ப்ளெண்டர்லயும் இத தான் செஞ்சீங்க, தெரியாம செஞ்சீங்க. இப்ப யோசிங்க, ஜீப்ப பாத்த பயத்துல ரெண்டு கையையும் வெறைப்பா நீட்டி ரெண்டு பக்கமும் தள்ளிட்டு இருந்தா என்ன ஆகும்? இடது கை சாயச் சொல்லுது, வலது கை வேண்டாங்குது. வண்டி நேரா போகும். உங்க வண்டி சரியா தான் நடந்துக்கிச்சு.

அடுத்தது இந்த ஹேங் ஆஃப், அதாவது உடம்ப வண்டிக்கு வெளிய எறக்குற சமாச்சாரம். நான் உக்காந்து கணக்கு போட்டே பாத்தேன், நீங்களும் கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, வேகத்த மீட்டர்/செகண்டுல மாத்தி, அதோட வர்க்கத்த ரேடியஸாலயும் 9.8 ஆலயும் வகுத்தா சாய்வுக் கோணத்தோட டேன் (tan) வரும். அந்த வளைவு 30 மீட்டர் ரேடியஸ்னு வச்சுக்குவோம். 40ல போனா வண்டி சாய வேண்டியது சுமாரா 23 டிகிரி. 50ல 33. 60ல 43. ஸ்பீடு ஒன்றரை மடங்கு ஆனதுக்கே சாய்வு கிட்டத்தட்ட ரெட்டிப்பாயிருச்சு பாத்தீங்களா, டயர் அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் சேத்துக்கணும். இப்ப உடம்ப உள்பக்கம் எறக்குறதால என்ன மிச்சம்னு பாருங்க. வண்டி 142 கிலோ, நீங்க ஒரு 65 கிலோன்னு வைங்க. உங்க உடம்பு மொத்தமும் 12 சென்டிமீட்டர் உள்ள போனாலும் வண்டியும் நீங்களும் சேந்த எடை மையம் நாலு சென்டிமீட்டர் கூட நகராது. அதுல மிச்சமாகுறது 3 டிகிரி. ஆனா 40ல போறத 35 ஆக்குனீங்கன்னா 5 டிகிரி மிச்சம். முட்டிய நீட்டி சர்க்கஸ் பண்ணி கெடைக்கிறத விட வளைவுக்கு முன்னாடி பிரேக்க ஒரு அமுக்கு அமுக்குனா அதிகமா கெடைக்குது.

அப்ப பாடி பொசிஷன் எதுக்குன்னு கேப்பீங்க. கைய விடுதல பண்றதுக்கு. இது தான் எனக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ரெண்டு நாள் பயிற்சியில உறைச்ச விஷயம், அதுக்கு முன்னாடி 15 வருசமா நானும் கையில தான் தொங்கிட்டு இருந்தேன். வண்டிய கால் புடிக்கணும். பாதத்தோட முன்பகுதி, விரலுக்கு கீழ இருக்கிற மொத்தையான எடம், அது தான் புட்ரெஸ்ட்ல இருக்கணும், குதிகாலோ நடுப்பாதமோ கூடாது. வெளிப்பக்கத்து தொடை டேங்க்ல இருக்கிற அந்த குழிவுல போய் மாட்டிக்கணும், பூட்டு போட்ட மாதிரி. வயித்துலயும் இடுப்புலயும் உடம்ப நிறுத்தணும். இது நடந்துட்டா கை ரெண்டும் சும்மா கைப்பிடி மேல படுத்திருக்கும்.

எது முதல்லன்னு கேட்டீங்கள்ல. நேர் ரோட்லயே, பிரேக் புடிக்கிறதுக்கு முன்னாடியே பின்பக்கத்த உள்பக்கமா நாலு விரல்கடை நகத்திருங்க, அது போதும் ரோட்டுக்கு. தொடைய மாட்டுங்க. பிரேக் புடிச்சு கியர் கொறைங்க. கண்ண வளைவோட கடைசிக்கு அனுப்புங்க. அப்பறம் தான் கைய தள்ளுறது. தள்ளும்போதே உள்பக்க முழங்கைய மடக்கி தாடைய உள்பக்க கண்ணாடிப் பக்கம் கொண்டு போங்க, தோள் தானா கூட வரும். வளைவு நடுவுல போய் உக்காந்த எடத்த மாத்துனீங்கன்னா வண்டி ஆடத்தான் செய்யும், திருமயம் ரோட்ல உங்களுக்கு ஆடுனது அதனால தான், எறங்கும்போது ஹேண்டில புடிச்சு தொங்கியிருப்பீங்க. இன்னொரு தப்பு நெறைய பேர் பண்றது, இடுப்பு இங்கிட்டு எறங்கியிருக்கும் தல மட்டும் அங்கிட்டு டேங்குக்கு அந்தப்பக்கம் நிக்கும். அது சுத்த வேஸ்ட். தலயும் தோளும் உள்ள வராம இடுப்பு மட்டும் வந்தா கெடைக்கிற 3 டிகிரியும் போயிரும்.

கண்ணு விசயம் ஒண்ணே ஒண்ணு. சைக்கிள் பழகுறப்ப தெரு பூரா காலியா இருக்கும், ஒரே ஒரு கல்லு கெடக்கும், கரெக்டா அது மேல போய் ஏத்துவோம். ஏன்னா அத தான பாத்துட்டு இருந்தோம். ஜீப்ப பாத்தா ஜீப்புக்கு தான் போவீங்க. ஜீப்புக்கு இடது பக்கம் இருக்கிற காலி ரோட்ட பாக்க பழகணும், அது சொன்னா வராது, பழகுனா தான் வரும்.

ரூட்பஸ்_ஸ்டீயரிங்:

தம்பி நான் பைக் ஓட்டுறவன் இல்ல, 19 வருசமா பஸ் ஓட்டுறேன், இந்தப் பக்கம் தான் ரூட்டு. எதிர்ல வர்றவன் சீட்டுல இருந்து ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு. தேவகோட்டை அண்ணன் சொன்னது எல்லாம் சரியா இருக்கும், ஆனா வலது வளைவு பத்தி யாரும் சொல்லல.

வலது பக்கம் திரும்புற வளைவுல பைக்காரங்க நடுக்கோட்ட ஒட்டி வர்றாங்க. அவங்க டயரு கோட்டுக்கு அவங்க பக்கம் தான் இருக்கு, அவங்க கணக்குல அவங்க ஒழுங்கா வர்றாங்க. ஆனா சாஞ்சு வரும்போது ஹெல்மெட்டும் தோளும் எங்க இருக்கு தெரியுமா? கோட்டுக்கு இந்தப் பக்கம், என் பஸ்ஸு வர்ற எடத்துல. நீ உடம்ப வேற உள்ள எறக்குனா இன்னும் ஒரு முழம் என் பக்கம் வந்துருது. என் கண்ணாடி எவ்வளவு வெளிய நீட்டிட்டு இருக்குன்னு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்ப ஒரு தடவ பாரு. எத்தன தடவ மூச்சு நின்னு போயி ஸ்டீயரிங்க ஒடிச்சிருக்கேன்னு எனக்கு தான் தெரியும், பின்னாடி 50 சனம் உக்காந்திருக்கும். வலது வளைவுல உன் டயரு உன் பாதையோட இடது பாதியிலயே இருக்கட்டும். எனக்கு உன்ன முழுசா தெரியணும், உனக்கும் வளைவு கொஞ்சம் முன்னாடியே தெறக்கும்.

அப்பறம் நீ சொன்ன அதே திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் ரோடு. தைப்பூசத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்து நகரத்தார் காவடி பழனிக்கு அந்த வழியா தான் நடந்து போகும், கூட ஆயிரக்கணக்குல சனம் ராத்திரியும் விடியக்காலயுமா நடக்கும், வயசான ஆச்சிங்க எல்லாம் வெறுங்காலோட வருவாங்க. அந்த நாளுகள்ல அஞ்சு மணிக்கு அந்த ரோட்ல வளைவு பழகப் போகாதப்பா. அறுப்பு நேரத்துல ரோட்டுல நெல்லு காயும், வைக்கோல் கெடக்கும், அது மேல சாஞ்சா எண்ணெயில கால வச்ச மாதிரி. எம்சாண்ட் லாரி திரும்புற மூலையில எப்பவும் மணல் சிந்தியிருக்கும். மழையில ரோட்டு வெள்ளக்கோடு ஆத்தங்குடிக் கல்லுல தண்ணி ஊத்துன மாதிரி ஆயிரும், அத மிதிச்சுக்கிட்டு சாயாத.

தேவகோட்டை_310:

அண்ணே கையெடுத்து கும்புடறேன், இத நான் எழுத மறந்துட்டேன். ட்ராக்ல எதுத்தாப்ல யாரும் வரமாட்டாங்க, அதனால அங்க கோட்ட ஒட்டி ஏபெக்ஸ், அதாவது வளைவோட உள் ஓரத்துக்கு ரொம்ப கிட்ட போற எடம், அத புடிக்கிறது சரி. ரோட்ல ஏபெக்ஸ தள்ளிப் போடணும், அதாவது முழு வளைவும் கண்ணுக்கு தெரியுற வரைக்கும் வெளிப்பக்கமாவே இருந்து லேட்டா உள்ள திரும்பணும். நம்ம ஊரு கம்மாக்கரை வளைவுல இது ரொம்ப முக்கியம், கரை தண்ணி போன போக்குல போட்டது, ஆரம்பத்துல அகலமா தெரியும், உள்ள போகப் போக இறுகிக்கிட்டே வரும். சீக்கிரம் உள்ள திரும்புனவன் கடைசியில வெளிய தான் போய் விழுவான்.

அரியக்குடி_ஸ்பேனர்:

நான் மெக்கானிக். பாடி பொசிஷன் எல்லாம் அப்பறம், வண்டிய மொதல்ல பாருங்க. 31 ஆயிரம் ஓடுன வண்டி, நேர் ரோட்டுலயே ஓடுன வண்டி. பின் டயர ஒரு தடவ குனிஞ்சு பாருங்க, நடுவுல தட்டையா, ரெண்டு ஓரமும் புதுசா இருக்கும். நம்ம பக்கம் வர்ற பத்து வண்டியில எட்டு வண்டி அப்படி தான் வருது. உருண்டையா இருக்க வேண்டிய டயர் சதுரமாயிருச்சுன்னா சாய்க்கும்போது மொதல்ல வண்டி வரமாட்டேன்னு அடம் புடிக்கும், அந்த முனைய தாண்டுனதும் தொபுக்குனு விழுற மாதிரி சாயும். ஓட்டுறவனுக்கு அங்க தான் பயம் புடிக்குது, புடிச்ச பயத்துல கைய இறுக்கிர்றான்.

டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். அது என்னன்னு இங்க போடுங்க. காத்து வண்டி குளிர்ந்திருக்கப்ப புடிக்கணும், எவ்வளவுன்னு வண்டியிலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அது படி. பங்க்ல கேட்டா நல்லா ஓடும்னு 40 வரைக்கும் அடிச்சு விடுறாங்க, அப்படி வந்த ஒரு வண்டியில கல்லு மாதிரி டயரு, முன்னாடி கையில பிரேக் புடிச்சா வழுக்குது. முன்சக்கரத்த தூக்கி வச்சு ஹேண்டில மெதுவா இங்கிட்டு அங்கிட்டு திருப்பிப் பாருங்க, நடுவுல ஒரு எடத்துல கட்டுன மாதிரி நின்னா கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற கழுத்து பேரிங், போயிருச்சு, அந்த வண்டியில எந்த குருவும் வளைவு பழக முடியாது. ஃபோர்க் சீல்ல ஆயில் கசிஞ்சு டிஸ்க்ல எறங்குதான்னும் பாத்துருங்க.

செம்மண்ரோடு_ஆர்15:

அண்ணே நீங்க சொன்னதும் போய் பாத்தேன், பின் டயர்ல 1419ன்னு இருக்கு. நடுவுல விரல வச்சா அப்படியே பலகை மாதிரி தட்டை. முன்னாடி டயர் கொஞ்சம் பரவால்ல. கோன் செட் நீங்க சொன்ன மாதிரி நடுவுல லேசா நிக்குது.

அரியக்குடி_ஸ்பேனர்:

அப்ப அது 2019ல 14வது வாரம் செஞ்ச டயர், வண்டியோடயே வந்தது. மாத்திருங்க தம்பி, ரெண்டும் மாத்துனா ரொம்ப நல்லது. கோன் செட்டும் சேத்து போட்டுருங்க, அதுல காசு பாக்காதீங்க. புது டயர் போட்டா மொத 150 கிலோமீட்டர் மெதுவா, வழவழப்பு போற வரைக்கும் சாய்க்கக் கூடாது.

கண்டனூர்_ஆர்சி:

தம்பி, நான் கேடிஎம் ஆர்சி 200 பைக் ஓட்டுறேன், அஞ்சு வருசமாச்சு. என் உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம், எனக்கு கையால வண்டிய அடக்குற பலம் கெடையாது, அதனால கால்ல புடிக்கிறத நான் வேற வழியில்லாம சீக்கிரம் கத்துக்கிட்டேன்னு நெனைக்கிறேன். மேல அண்ணன் சொன்னது எல்லாம் அறிவுக்கு ஏறும், உடம்புக்கு ஏற்றதுக்கு நான் செஞ்சத சொல்றேன்.

மலைக்கு போகாதீங்க இப்ப. புதுவயல் பக்கம் ஓடாம கெடக்கிற ஒரு ரைஸ் மில்லு இருக்கு, நெல்லு காயப்போட்ட பெரிய சிமெண்ட் களம். ஓனர்கிட்ட கேட்டு ஞாயித்துக்கெழம காலைல மட்டும் அங்க தான் ஓட்டுவேன். மொதல்ல வெளக்குமாறு எடுத்து கூட்டணும், உமி ஒரு கைப்பிடி கெடந்தாலும் டயரு போயிரும். அப்பறம் வீட்ல சேந்த கொட்டாங்குச்சி ரெண்ட எடுத்து 12 மீட்டர் தள்ளி கவுத்து வைப்பேன். வண்டி ஏறுனாலும் ஒடஞ்சு போகும், நம்மள கீழ தள்ளாது. அத சுத்தி எட்டு போடணும், 15ல ஆரம்பிச்சு 20 வரைக்கும், ரெண்டாவது கியரு. ஆறு மீட்டர் ரேடியஸ்ல 20ல சுத்துனா அண்ணனோட கணக்குபடி 28 டிகிரி வருது, நான் போட்டுப் பாத்துட்டேன். நீங்க சிறுமலைல சாய முடியாம நின்ன சாய்வ விட இது அதிகம் தம்பி. ஆட்டோ ஸ்டாண்டுக்கு போற ஸ்பீடுல, எதுத்தாப்ல ஜீப்பு இல்லாம, அத விட அதிக சாய்வ உடம்பு பாத்துரும். அப்பறம் மலையில அந்த 23 டிகிரி வர்றப்ப அது புதுசா தெரியாது.

சுத்தும்போது பாக்க வேண்டியது இப்ப சுத்துற கொட்டாங்குச்சிய இல்ல, அடுத்தத. தலைய நல்லா திருப்பி, தாடை தோளுக்கு மேல வர்ற அளவுக்கு. கழுத்து வலிச்சா சரியா பண்றீங்கன்னு அர்த்தம்.

கை லூசா இருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? வட்டத்துக்கு நடுவுல இருக்கப்ப உள்பக்க முழங்கைய மட்டும் கோழி ரெக்கைய அடிக்கிற மாதிரி மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, கைப்பிடிய விடாம. வண்டி அது பாட்டுக்கு அதே வட்டத்துல போனா உங்க எடை கால்ல இருக்கு. வண்டி நெளிஞ்சா கையில இருக்கு. இந்த ஒரு சோதனைய நான் இன்னைக்கும் செய்றேன், அசதியா இருக்கிற நாள்ல கை தானா இறுகிரும், எனக்கே தெரியாது.

இன்னொன்னு, வண்டிய பேடக் ஸ்டாண்டுல, அதாவது பின்சக்கரத்த தூக்கி வண்டிய நேரா நிறுத்துற ஸ்டாண்டுல, ஏத்தி வீட்லயே பழகலாம். பின்பக்கம் நாலு விரல்கடை எறக்கு, தொடைய மாட்டு, தாடைய கண்ணாடிக்கு கொண்டு போ, இப்ப ரெண்டு கையையும் கைப்பிடியில இருந்து எடு. அப்படியே பத்து எண்ணுற வரைக்கும் கை இல்லாம நிக்க முடியணும். முடியலன்னா வளைவுலயும் கை தான் தாங்கும். மொத நாள் எனக்கு மூணு எண்ணுறதுக்குள்ள வயிறு நடுங்கிருச்சு. டேங்க்ல ரப்பர் கிரிப் ஒட்டிக்கங்க, ஜீன்ஸ் வழுக்கும். ஒருத்தர் புடிச்சுக்கட்டும், தனியா வேண்டாம்.

கிளவுஸ், ஜாக்கெட், முட்டி கார்டு, பூட்ஸ் இல்லாம களத்துக்குள்ளயும் சுத்தாதீங்க, 15ல விழுந்தாலும் சிமெண்டு சிமெண்டு தான்.

பள்ளத்தூர்_டாப்கியர்:

எல்லாரும் 3 டிகிரி தான் 3 டிகிரி தான்னு சொல்றீங்க, அப்ப மோட்டோஜிபி பைக் ரேஸுல எதுக்கு முட்டி, முழங்கை எல்லாம் தரையில தேயிற அளவுக்கு எறங்குறாங்க? மார்க் மார்க்கேஸ் தோளே தரைய தொடுது. எனக்கு முட்டி தேய்க்கிறது எப்படின்னு தான் தெரியணும்.

தேவகோட்டை_310:

நல்ல கேள்வி தம்பி. அங்க டயரும் புட்ரெஸ்டும் தாங்குற கடைசி எல்லை வரைக்கும் ஏற்கெனவே சாஞ்சுட்டாங்க, அதுக்கு மேல ஒரு டிகிரி கெடைச்சாலும் அது ஸ்பீடு. அதனால அவங்களுக்கு அந்த 3 டிகிரி தங்கம். அதோட முட்டி தரைய தொட்டதும் எவ்வளவு சாஞ்சிருக்கோம்னு ஒரு அளவு கெடைக்குது. 70கள்ல கென்னி ராபர்ட்ஸ் காலத்துல தான் இந்த முட்டி தேய்க்கிறது பெருசா பரவுச்சு. அதுக்கு முந்தி 60கள்ல மைக் ஹெய்ல்வுட் போட்டோ எதையாவது எடுத்துப் பாருங்க, முட்டி டேங்கோட ஒட்டியிருக்கும், உடம்பு வண்டியோட ஒரே கோட்டுல இருக்கும், அப்படியே ஒன்பது உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்சாரு. அந்த காலத்து டயருக்கு அந்த சாய்வு தான் முடியும், அதுக்கு அது போதும்.

முட்டி தேய்க்கணும்ங்கிற ஆசை தப்பில்ல, எனக்கும் இருந்துச்சு, மனசார சொல்றேன். ஆனா அதுக்கு எடம் ரோடு இல்ல. நம்ம தமிழ்நாட்டுலயே ட்ராக் இருக்கு, கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டருக்கு 12 வளைவு. அதே வளைவு ஒரு நாளைக்கு 40 தடவ வரும், மணல் இருக்காது, ஆடு வராது, விழுந்தா ஓட ஆம்புலன்ஸ் நிக்கும். என் முட்டி தரைய தொட்டது ரெண்டாவது நாள் மத்தியானம், அத தேடுறத விட்டுட்டு கண்ணையும் கையையும் மட்டும் கவனிச்சப்ப தானா சர்ருனு ஒரு சத்தம் கேட்டுச்சு. பணம் சேத்து வச்சுக்கிட்டு போங்க தம்பி, ஒரு எக்ஸ்ட்ரா சைலன்சர் வாங்குற காசு தான்.

செம்மண்ரோடு_ஆர்15:

நாலு வாரம் கழிச்சு எழுதுறேன், லேட்டுக்கு மன்னிக்கணும்.

ரெண்டு டயரும் கோன் செட்டும் மாத்தியாச்சு. மாத்துன அன்னைக்கே கம்மாக்கரை ரோட்ல வித்தியாசம் தெரிஞ்சுச்சு, அந்த அடம் புடிக்கிறதும் இல்ல, தொபுக்குனு விழுறதும் இல்ல. இவ்வளவு நாளும் என் பயத்துல பாதி அந்த தட்டை டயர் தான் போல.

வீட்ல முகப்புல ஸ்டாண்டு போட்டு பழகுனேன். மொத நாளு ஆத்தங்குடிக் கல்லு மேல ஸ்டாண்டு வழுக்கி நகருது, எங்க ஆயா பாத்துட்டு கோணிச்சாக்கு ரெண்ட கொண்டாந்து கீழ விரிச்சு விட்டாங்க, தம்பி பின்னாடி புடிச்சுக்கிட்டான். கைய எடுத்தா அஞ்சு எண்ணுறதுக்குள்ள முன்னாடி விழுந்தேன். இப்ப 20 வரைக்கும் நிக்கிறேன். அக்கா சொன்ன ரைஸ் மில் களத்துக்கு மூணு ஞாயித்துக்கெழம போனேன், அக்காவே வந்து நின்னு பாத்தாங்க, ரொம்ப நன்றிக்கா. இடது பக்கம் எட்டு நல்லா வருது, கோழி ரெக்கை ஆட்டுனாலும் வண்டி நெளியல. வலது பக்கம் தான் இன்னும் வரல, ஆக்சிலேட்டர் கை அந்தப் பக்கம் இருக்கிறதால முழங்கைய மடக்குனா த்ராட்டில் தானா திரும்பிருது, வண்டி ஒதறுது.

நேத்து சிறுமலை தனியா போனேன், அதே வளைவு. ஸ்பீடு 35. வளைவுக்கு முன்னாடியே பிரேக், பின்பக்கம் லேசா நகத்துனேன், தொடை மாட்டுச்சு, ரோடு முடியுற எடத்த பாத்தேன். இடது கைய ஒரு துளி தள்ளுனேன், அவ்வளவு தான் தள்ளுனேன், வண்டி போயிருச்சு. எதுத்தாப்ல ஒரு மினி பஸ்ஸு வந்துச்சு, வந்தத ஓரக்கண்ணுல தான் பாத்தேன். எறங்கி வந்து டீக்கடையில உக்காந்தப்ப தான் உள்ளங்கைய பாத்தேன், ஒரு செவப்பு கூட இல்ல, வலி இல்ல. தொடையும் வயிறும் தான் இன்னைக்கு வலிக்குது.

பஸ் அண்ணே, வலது வளைவுல பாதையோட இடது பாதியிலயே தான் போறேன். ஒவ்வொரு வளைவுலயும் நீங்க சொன்ன கண்ணாடி ஞாபகம் வருது.

வலது பக்க த்ராட்டில் பிரச்சனைக்கு என்ன பண்றது?

கண்டனூர்_ஆர்சி:

வளைவுக்குள்ள போய் கைய மாத்தாதீங்க தம்பி, வலது வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்லயே கைப்பிடிய ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிற மாதிரி கொஞ்சம் சாய்வா புடிச்சுக்கங்க, உள்ளங்கையோட வெளி ஓரம் கைப்பிடி நுனிக்கு வர்ற மாதிரி. அப்ப முழங்கை மடங்குனாலும் மணிக்கட்டு திரும்பாது. பிரேக் லீவர் ஒரேயடியா மேல தூக்கி இருந்தாலும் இது வரும், ஒரு துளி கீழ எறக்கி வைக்கச் சொல்லுங்க.

அரியக்குடி_ஸ்பேனர்:

கொண்டு வாங்க, ரெண்டு நிமிச வேலை. த்ராட்டில் கேபிள்ல ஆட்டமும் எவ்வளவு இருக்குன்னு பாத்துருவோம், அது அதிகமா இருந்தாலும் ஒதறும்.

கண்டனூர்_ஆர்சி:

வர்ற ஞாயிறு ஆறரைக்கு களத்துல இருப்பேன். கொட்டாங்குச்சி எல்லாம் ஒடஞ்சு போச்சு, நாலு எடுத்துட்டு வாங்க, வெளக்குமாறு நான் கொண்டாரேன். வலது வட்டம் மட்டும் போடுவோம்.